மாணவர் குறைஞ்சா பள்ளியை மூடணுமா? தலையை எண்ணாமல் தூரத்தை அளந்த காமராஜரின் கதை

மீஞ்சூரில் இருந்து பழவேற்காடு பக்கம் போகப் போக, ஊர்ப் பெயர்களோடு குப்பம் என்ற சொல் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஏரி, நடுவில் பக்கிங்காம் கால்வாய். சில ஊர்களுக்கு ரோடு இருக்கிறது. பசியாவரம் மாதிரியான ஊர்களில் படகுதான் பல காலம் பஸ்ஸாக இருந்தது.

இந்த மாதிரி ஒரு ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் என்ன செய்வது? மூடிவிட்டு, பக்கத்தில் இருக்கும் பெரிய பள்ளியோடு இணைத்துவிடலாம் என்பது ஒரு பதில். ஆபீசில் உட்கார்ந்து பட்டியலைப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். 8 பிள்ளைக்கு 2 ஆசிரியர், ஒரு கட்டடம், ஒரு சமையலறை. ஆனால் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கும் இந்த ஊருக்கும் நடுவில் தண்ணீர் இருந்தால்?

இது இன்றைக்குக் கிளம்பிய கேள்வி இல்லை. 2019-லேயே தமிழ்நாட்டில் மாணவர் இல்லாத 40-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளை நூலகமாக மாற்றும் முடிவு பெரிய விவாதமானது. 2025-ல் 200-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் புதிதாக ஒரு மாணவர் கூட இல்லை என்ற செய்தி வந்தது. பிறப்பு விகிதம் குறைந்தது, தனியார் பள்ளிப் பக்கம் பெற்றோர் போவது, பிழைப்புக்காக ஊர் மாறுவது எல்லாம் காரணமாகச் சொல்லப்பட்டன. பிள்ளைகள் வந்தால் திரும்பத் திறப்போம் என்றும் சொன்னார்கள். அதே 2025-ல் உத்தரப் பிரதேச அரசு, மாணவர் குறைந்த பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளிகளோடு இணைக்க உத்தரவு போட்டு, விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

ஒவ்வொரு முறை இந்தச் செய்தி வரும்போதும் ஒரு பெயரும் கூடவே வரும். காமராஜர் திறந்த பள்ளியை மூடுறீங்களே என்று அரசியல் மேடையில் கேட்பார்கள், கமென்ட்டில் எழுதுவார்கள். சரி, காமராஜர் எந்தக் கணக்கில்தான் பள்ளியைத் திறந்தார்? அதைப் புரிந்துகொள்ள அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பிடி அரிசியில் நடந்த பள்ளி

1903 ஜூலை 15. இன்றைய விருதுநகர் அன்றைக்கு விருதுபட்டி. அப்பா குமாரசாமி, அம்மா சிவகாமி அம்மாள், தங்கை நாகம்மாள். பையனுக்கு 6 வயது இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மா தன் நகைகளை விற்று, அந்தப் பணத்தை ஒரு வியாபாரியிடம் கொடுத்து வைத்து, மாதாமாதம் வரும் வட்டியில் வீட்டை ஓட்டினார்.

பையன் முதலில் ஏனாதி நாயனார் வித்யாசாலையில் படித்தான். பிறகு க்ஷத்திரிய வித்யாசாலை. இந்த இரண்டாவது பள்ளியைப் பற்றி ஒரு விஷயம் கவனிக்கணும். அது அரசு கட்டிய பள்ளி இல்லை. ஊர் வியாபாரிகளின் மகமைப் பணத்திலும், வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியிலும் நடந்த பள்ளி. உலையில் போடும் முன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். வீடு வீடாக அதைச் சேகரித்து விற்றுப் பள்ளிச் செலவைப் பார்ப்பார்கள். அப்படி நடந்த இலவசப் பள்ளியில்தான் காமராஜ் படித்தார்.

அதுவும் ஆறாம் வகுப்பு வரைதான். 12 வயதுக்குள் படிப்பு நின்றது. மாமா கருப்பையாவின் துணிக்கடையில் வேலைக்கு உட்கார்ந்தார். இன்றைய அரசு பாஷையில் சொன்னால் இடைநிற்றல். பள்ளி இலவசமாக, நடந்துபோகும் தூரத்தில் இருந்தும், வீட்டுக் கஷ்டம் ஒரு பையனை வெளியே இழுத்துவிட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மதிய உணவுக் கதை வரும்போது தேவைப்படும்.

கடையில் இருந்தபடியே செய்தித்தாள் படித்தார், கூட்டங்களுக்குப் போனார். பையன் அரசியலில் கெட்டுப் போகிறானே என்று வீட்டில் பயந்து, திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பினார்கள். அங்கே போயும் வைக்கம் போராட்டத்தின் பக்கம் போனார்! 1930-ல் வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்துக்காகச் சிறை, வங்காளத்தில் உள்ள அலிப்பூர் வரை. பிறகும் பல முறை உள்ளே போனார். வாழ்நாளில் கிட்டத்தட்ட 9 ஆண்டுகள் சிறைக்குள். பள்ளியில் விட்ட படிப்பைச் சிறையில்தான் தொடர்ந்தார் என்று சொன்னால் தப்பில்லை. 1937-ல் சட்டமன்ற உறுப்பினர், 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர். சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, வெளியே வந்ததும் அந்தப் பதவியை விட்டுவிட்டார். முழு நேரம் கொடுக்க முடியாத பதவி வேண்டாம் என்ற முடிவு.

பாதி நாள் பள்ளி, மீதி நாள் வலை

இப்போது 1953-க்கு வருவோம். முதலமைச்சர் ராஜாஜி. அன்றைய பிரச்சினை இன்றைய பிரச்சினைக்கு நேர் எதிர். இன்று பிள்ளைகள் குறைவு. அன்று பிள்ளைகள் அதிகம், பள்ளியும் ஆசிரியரும் பணமும் குறைவு.

அதற்கு ராஜாஜி கொண்டுவந்த வழி, கிராமத் தொடக்கப்பள்ளிகளில் நேரத்தைப் பாதியாக்குவது. ஒரு கூட்டம் காலையில் வரும், இன்னொரு கூட்டம் மதியம் வரும். அதே கட்டடம், அதே ஆசிரியர், இரண்டு மடங்கு பிள்ளைகள். மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலையோ ஊர்த் தொழிலையோ கற்றுக்கொள்ளலாம். சிக்கனம் என்று பார்த்தால் கெட்டிக்காரக் கணக்குதான். அதை மறுக்க முடியாது. ஆனால் எதிர்த்தவர்கள் இதற்கு வைத்த பெயர் குலக்கல்வித் திட்டம்.

ஏன் அந்தப் பெயர் அவ்வளவு வேகமாக ஒட்டியது என்பதற்குப் பழவேற்காட்டையே எடுத்துக்கொள்ளலாம். இங்கே அரை நாள் வீட்டுத் தொழில் என்றால் என்ன? ஏரியில் இறங்குவது, இறால் பிடிப்பது, வலை பின்னுவது. யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதற்கே பாடு என்ற பழைய முறை இருக்கும் ஊர்கள் இவை. மீனவர் பிள்ளை அரை நாள் மீனவர், வண்ணார் பிள்ளை அரை நாள் வண்ணார். மீன் வேறு மணி பார்த்தா வருது? ராத்திரி பாடு போய் வந்த பையன் காலையில் வகுப்பில் தூங்குவான். மீதி அரை நாளும் போயிடும்.

பெரியார், திமுக, காங்கிரசுக்குள்ளேயே ஒரு பெரிய அணி என எல்லாப் பக்கமும் எதிர்ப்பு. 1954-ல் ராஜாஜி விலகினார். (ராஜாஜி காலத்தில் 6,000 பள்ளிகள் மூடப்பட்டன என்று மேடையில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். அந்த எண்ணைப் பற்றி இன்றும் சண்டை ஓய்ந்தபாடில்லை. அரை நாள் திட்டம் மட்டும் சந்தேகமில்லாத வரலாறு.)

1954 ஏப்ரல் 13-ல் காமராஜர் முதலமைச்சர் ஆனார். தலைவர் தேர்தலில் தன்னை எதிர்த்து நின்ற சி.சுப்பிரமணியத்தையும், அவரை ஆதரித்த பக்தவத்சலத்தையும் அமைச்சரவையிலேயே சேர்த்துக்கொண்டார். கல்வித் துறை சி.எஸ். கையில். ஒரு மாதம்கூட முழுசா முடிந்து கொஞ்ச நாள்தான், மே மாதமே அரை நாள் திட்டம் கைவிடப்பட்டது. அதை அறிவித்தவர், முன்பு அதே திட்டத்துக்காகச் சட்டமன்றத்தில் வாதாடிய அதே சி.எஸ்.தான். அரசியலில் இப்படியும் நடக்கும்.

1 மைல், 3 மைல், 5 மைல்

திட்டத்தை ரத்து செய்தாச்சு. ஆனால் பிள்ளைகள் அதிகம், பள்ளி குறைவு என்ற பிரச்சினை அப்படியே இருக்கிறதே? இங்கேதான் காமராஜர் ஆட்சி போட்ட கணக்கு வித்தியாசமானது.

300 பேர் வசிக்கும் ஊருக்கும் ஒரு தொடக்கப்பள்ளி. எந்தப் பிள்ளையும் தொடக்கப்பள்ளிக்கு 1 மைலுக்கு மேல் நடக்கக் கூடாது. நடுநிலைப்பள்ளிக்கு 3 மைல். உயர்நிலைப்பள்ளிக்கு 5 மைல். கிலோமீட்டரில் சொன்னால் ஏறக்குறைய 1.6, 4.8, 8.

இதில் கவனிக்க வேண்டியது, அளவுகோல் எங்கே தொடங்குகிறது என்பது. பள்ளி வாசலில் நின்று உள்ளே எத்தனை பேர் என்று எண்ணவில்லை. பிள்ளையின் வீட்டு வாசலில் நின்று பள்ளி எவ்வளவு தூரம் என்று அளந்தார்கள். பள்ளிகளை மூடுவது, இணைப்பது பற்றிய இன்றைய விவாதம் முழுக்க முதல் வகை எண்ணில் நடக்கிறது. 10 பேருக்குக் கீழே, 20 பேருக்குக் கீழே, 50 பேருக்குக் கீழே. இரண்டாவது எண்ணை யாராவது கேட்டால்தான் சொல்கிறார்கள்.

நடைமுறையில் இதைச் செய்து காட்டியவர் நெ.து.சுந்தரவடிவேலு. காஞ்சிபுரம் பக்கத்து நெய்யாடுபாக்கத்துக்காரர். அன்று பொதுக்கல்வி இயக்குநர், பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். எந்தெந்த ஊரில் பள்ளி இல்லை, பக்கத்துப் பள்ளி எத்தனை தூரம் என்று துறை கணக்கெடுத்தது. 1957-ல் நாடு முழுக்க முதல் கல்வி ஆய்வும் நடந்தது. பணத்துக்கு என்ன வழி? படித்துவிட்டு வேலையில்லாமல் இருப்பவர்களுக்கு நிவாரணம் என்று மத்திய அரசு ஒரு திட்டம் வைத்திருந்தது. அதைப் பயன்படுத்தி அவர்களை ஆசிரியராக்கி, ஊருக்கு ஒருவராக அனுப்பி, ஓராசிரியர் பள்ளிகளைத் திறந்தார்கள். வேலையில்லாதவருக்கு வேலை, பள்ளி இல்லாத ஊருக்குப் பள்ளி.

ஓராசிரியர் பள்ளி என்றால் இன்று முகம் சுளிப்போம். நியாயம்தான், ஒரே ஆள் ஐந்து வகுப்பை எப்படி நடத்துவார்? ஆனால் அன்று அந்த ஒரு ஆசிரியர் இல்லையென்றால் அந்த ஊரில் கல்வியே இல்லை.

1960-ல் இன்னொரு படி. ஆண்டு வருமானம் 1,200 ரூபாய்க்குக் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப்பள்ளி முடியும் வரை கட்டணம் இல்லை. அன்று 11-ம் வகுப்பில்தான் எஸ்.எஸ்.எல்.சி. துணிக்கடைக்குப் போன அந்த ஆறாம் வகுப்புப் பையன் மாதிரி ஆட்களுக்குத்தான் இது.

பிள்ளைகள் வரலையா? அப்போ சோறு போடு

பள்ளியைத் திறந்துவிட்டால் பிள்ளைகள் ஓடி வந்துவிடுவார்களா? வரவில்லை. இதுவும் இன்றைய பிரச்சினை மாதிரிதான், சேர்க்கை குறைவு.

ரயில்வே கேட்டில் காத்திருந்த காமராஜர், மாடு மேய்க்கும் பையனிடம் ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று கேட்க, அவன் பள்ளியில் சோறு போடுவீர்களா என்று திருப்பிக் கேட்டான் என ஒரு கதை உண்டு. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாற்றிச் சொல்வார்கள். நான் பள்ளியில் படிக்கும்போது ஜூலை 15 பேச்சுப் போட்டியில் அந்தக் கதையைச் சொல்லாத மாணவரே இல்லை. கதை அப்படியே நடந்ததோ இல்லையோ, 1956-ல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது உண்மை. முதலில் ஊர்க்காரர்கள் தந்த அரிசி, பருப்பு, பணம். பிறகு அரசும் பங்கு போட்டது. சென்னை மாநகராட்சி 1920-லேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில் இதைச் சின்ன அளவில் செய்து பார்த்திருக்கிறது. ஆனால் கிராமங்கள் வரை கொண்டுபோனது காமராஜர் காலம். எம்.ஜி.ஆரின் 1982 சத்துணவு, 2022-ல் வந்த காலை உணவு எல்லாம் இதே வரிசைதான்.

அதாவது, மாணவர் வரவில்லை என்றதும் அந்த அரசு பள்ளிக்குப் பூட்டு தேடவில்லை. ஏன் வரலை என்று தேடியது.

நம்ம மாவட்டத்துக் கடம்பத்தூர்

திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தப் பகுதி. பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஒன்று காமராஜர் காலத்தில் ஊர் ஊராக நடந்தது. முதல் மாநாடு 1958-ல் கடம்பத்தூரில். அப்போது கடம்பத்தூரும் மீஞ்சூரும் பழவேற்காடும் எல்லாமே செங்கல்பட்டு மாவட்டம்.

மாநாடு என்றால் பேச்சு மட்டும் இல்லை. இந்தப் பள்ளிக்கு என்ன தேவை என்று முன்னாடியே ஒரு பட்டியல் போடுவார்கள். கரும்பலகை, பெஞ்சு, மணி, கடிகாரம், விளையாட்டுச் சாமான், பிள்ளைகளுக்குச் சீருடை, சில ஊரில் ஒரு புது வகுப்பறைக்கான நிலம். ஊர்க்காரர்கள் தங்களால் முடிந்ததை மேடையில் வந்து கொடுப்பார்கள். வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்த அந்த விருதுபட்டிப் பள்ளியை மாநிலம் முழுக்கக் கொண்டுபோன மாதிரிதான் எனக்கு இது தெரிகிறது. பணம் வந்தது ஒரு பக்கம், இது எங்க பள்ளி என்ற எண்ணம் ஊருக்கு வந்தது இன்னொரு பக்கம். இன்று தனியார் பள்ளி வேன் வந்து நிற்கும்போது காணாமல் போனது அந்த இரண்டாவது விஷயம்தான்.

காமராஜர் ஆட்சியில் இருந்த 9 ஆண்டுகளில் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அணைகள், நெய்வேலி, கிண்டி தொழிற்பேட்டை பற்றியெல்லாம் தனியாகவே எழுதலாம், இங்கே வேண்டாம். 1963 அக்டோபர் 2-ல் கட்சிப் பணிக்காகப் பதவியை அவராகவே விட்டார். அடுத்த ஆண்டு அகில இந்திய காங்கிரஸ் தலைவர். சாஸ்திரி, பிறகு இந்திரா காந்தி பிரதமராக வந்ததில் அவர் கை உண்டு. 1967-ல் சொந்த ஊர் விருதுநகரில் தோற்றார். ஜெயித்தவர் பெ.சீனிவாசன், மாணவர் தலைவராக இருந்த இளைஞர். 1969-ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்றம் போனார். 1975 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில், சென்னை தியாகராய நகர் வாடகை வீட்டில் உயிர் பிரிந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அடுத்த ஆண்டு பாரத ரத்னா. 2006 முதல் அவர் பிறந்த நாள் பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாள்.

அப்போ, இணைப்பே தப்பா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. 1954-ல் பிள்ளைகள் பெருகிக்கொண்டிருந்தார்கள். இப்போது தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 2020 மாதிரிப் பதிவு கணக்குப்படி 1.4 தான். பிறக்காத பிள்ளைக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கு வரவைக்க முடியாது. குறிப்பாக 9, 10-ம் வகுப்பில் பிரச்சினை வேறு. கணக்கு, அறிவியல், ஆங்கிலம் என்று பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வேணும், லேப் வேணும். 15 பிள்ளைகள் இருக்கும் உயர்நிலைப்பள்ளியில் இதெல்லாம் இருக்காது என்பதும் உண்மை. தேசியக் கல்விக் கொள்கை 2020 பேசும் பள்ளி வளாகம் என்ற யோசனையும் இந்த இடத்தில் இருந்துதான் வருகிறது. ஒரு மேல்நிலைப்பள்ளி, அதைச் சுற்றி 5 முதல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் கீழ் வகுப்புப் பள்ளிகள், ஆசிரியரையும் லேபையும் பகிர்ந்துகொள்வது.

பிரச்சினை தூரத்தில்தான். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப்பள்ளி 1 கிலோமீட்டருக்குள், நடுநிலைப்பள்ளி 3 கிலோமீட்டருக்குள் இருக்கணும். காமராஜர் காலத்து மைல் கணக்கை விட இது இறுக்கமானது. ஆனால் அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான், அதாவது 8-ம் வகுப்பு வரை. 9-ம் வகுப்புக்குப் போனதும் அந்தக் கவசம் இல்லை. உயர்நிலைப்பள்ளிக்கு 5 கிலோமீட்டர் என்பது மத்தியத் திட்டங்களில் இருக்கும் இலக்கு, சட்ட உரிமை இல்லை. பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், அதிகம் நின்றுபோகும் வயதும் அதுதான்.

பழவேற்காட்டு வரைபடத்தில் ஒரு தீவு ஊருக்கும் எதிர்க்கரைப் பள்ளிக்கும் ஸ்கேல் வைத்து அளந்தால் 2 கிலோமீட்டர்கூட வராது. படகில் போனால் அது மதியம் கிளம்பும் காற்று, ஐப்பசி கார்த்திகை மழை, புயல் எச்சரிக்கை, படகுக்கு ஆள் சேரும் வரை காத்திருப்பு. எதிர்க்கரையில் இருக்கும் பழவேற்காடு அரசு மேல்நிலைப்பள்ளி வரை எப்படியாவது வந்துவிடலாம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கும் அப்பால் பொன்னேரிக்கோ மீஞ்சூருக்கோ போ என்றால் 15 கிலோமீட்டருக்கும் மேல். சாலை இல்லாத, வெள்ள ஆபத்துள்ள இடங்களில் தூர வரம்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் மாதிரி விதிகளே சொல்கின்றன. அதையும் 8-ம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள்.

உங்க ஊர்ப் பள்ளியை இணைக்கும் பேச்சு வந்தால்?

ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெரும்பான்மை பெற்றோர்தான், தலைவரும் பெற்றோர்தான். அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் சில. புதுப் பள்ளிக்கு வரைபட தூரம் எவ்வளவு, பிள்ளை உண்மையில் போகும் வழியில் தூரம் எவ்வளவு? பஸ்ஸோ படகோ, செலவு யார் தருவது, எந்த மாதத்தில் இருந்து? மழைக்காலத்தில் என்ன ஏற்பாடு? மாதவிடாய் நாளில் ஒரு பெண் பிள்ளை நடுவில் வீட்டுக்கு வர வேண்டும் என்றால் எப்படி வருவாள்? இணைத்த பிறகு இந்த ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் தொடர்ந்து வருகிறார்கள் என்று அடுத்த ஆண்டு யார் எண்ணப் போகிறார்கள்?

பதில்களைத் தீர்மானமாக எழுதி, கையெழுத்துப் போட்டு, வட்டாரக் கல்வி அலுவலருக்கும் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் அனுப்பலாம். ஒரு நகலை ஊரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.